1/700 ஹார்னெட், டெக் நிறைய பி-25: எதிலிருந்து தொடங்குவது?

நங்கூரம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ட்ரம்பெட்டர் நிறுவனத்தின் 1/700 அளவு (நிஜத்தில் 700-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கியிருக்கிறேன், யுஎஸ்எஸ் ஹார்னெட் சிவி-8 என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல். இதுவரை 1/72 விமானங்கள்தான் கட்டிப் பழக்கம், கப்பல் பக்கம் இப்போதுதான் வருகிறேன். செய்ய நினைப்பது 1942 ஏப்ரல் 18 காலை, அமெரிக்க அதிகாரி டூலிட்டில் தலைமையில் 16 பி-25 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானை நோக்கிக் கிளம்பிய நேரம். ஓடுபாதையிலிருந்து ஏற வேண்டிய இரட்டை எஞ்சின் விமானத்தைக் கப்பல் டெக்கிலிருந்து ஏற்றிக் காட்டிய அந்தத் துணிச்சல் சின்ன வயதிலிருந்தே மனதில் நிற்கிறது, அதனால் ஏனோதானோவென்று கட்ட மனம் வரவில்லை.

சந்தேகங்கள் இவை. டெக் மரம்தானே, ஆனால் இணையத்தில் ஒருவர் தேக்கு நிறத்தில் அடித்திருக்கிறார், இன்னொருவர் நீலத்தில் அடித்திருக்கிறார், எது சரி? விமானங்கள் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வந்திருக்கின்றன, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அதில் காக்பிட் கண்ணாடியை எப்படிக் காட்டுவது? 16 விமானத்தையும் டெக்கில் எப்படி அடுக்குவது? போட்டோ எட்ச் (மெல்லிய உலோகத் தகட்டுத் துண்டுகள்) இல்லாமல் இந்த அளவில் கப்பல் கப்பலாகத் தெரியுமா? அப்புறம், விமானம் கட்டும்போது முழுதாக ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பேன், கப்பலுக்கும் அது சரிப்படுமா?

டெக்_நீலம்

நல்ல தேர்வு நண்பரே. நாளைக் குறித்துக்கொண்டு தொடங்கினதே பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் ஹார்னெட் சேவைக்கு வந்தது 1941 அக்டோபர் 20, சாண்டா குரூஸ் சண்டையில் மூழ்கியது 1942 அக்டோபர் கடைசி வாரம். ஒரே ஒரு வருடக் கப்பல், ஆனால் அந்த ஒரு வருடத்துக்குள்ளேயே சின்னச் சின்ன மாற்றங்கள் நிறைய. உதாரணத்துக்கு, பேர்ல் ஹார்பரில் அடிபட்ட கலிபோர்னியா போர்க்கப்பலிலிருந்து எடுத்த பெரிய சிஎக்ஸ்ஏஎம் ராடார் ஹார்னெட்டுக்கு வந்தது 1942 கோடையில்தான். உங்கள் ஏப்ரல் கப்பலில் அது இருக்கக் கூடாது. கிட்டில் இரண்டு விதமும் கொடுத்திருந்தால் எதை ஒட்டுகிறீர்கள் என்று பார்த்துச் செய்யுங்கள்.

டெக் நீலம்தான். அடியில் மரம் என்பது உண்மை, ஆனால் போருக்கு முன்பு செம்பழுப்புச் சாயம் பூசி மஞ்சள் கோடு போட்டிருந்த அமெரிக்க கேரியர் (விமானந்தாங்கி) டெக்குகள் எல்லாம் 1941 வாக்கில் நீலச் சாம்பல் சாயத்துக்கு மாறிவிட்டன. மேலே இருந்து பார்க்கும் எதிரி விமானிக்குக் கடலும் கப்பலும் ஒன்றாகத் தெரிய வேண்டும், அதுதான் காரணம். தேக்கு நிறத்தில் அடித்த ஹார்னெட் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் என் கண்ணுக்கு அது ஹார்னெட் இல்லை. கடையில் ஒட்டும் மர ஸ்டிக்கர் டெக் கிடைக்கும், வாங்குவதென்றால் நீலச் சாயம் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், சாயம் போடாத மர நிறத்தில் வருவது வேண்டாம்.

ஆனால் ஒரே நீலமாக அடித்துவிட்டால் பொம்மை மாதிரி ஆகிவிடும். அது பெயின்ட் இல்லை, மரத்துக்குள் இறங்கும் சாயம், உப்புக்காற்றிலும் சக்கரம் தேய்த்தும் சீக்கிரம் வெளுத்துவிடும். நான் செய்வது இப்படி: முதலில் வெளிர் சாம்பல் பூச்சு, அதன்மேல் நீலச் சாம்பலை மிக மெல்லியதாக ஏர்பிரஷில் இரண்டு மூன்று தடவை, அப்புறம் அதே நிறத்தில் கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் பழுப்பு கலந்து இரண்டு தனிக் கலவை வைத்துக்கொண்டு, நுனி மெலிந்த தூரிகையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பலகைகளைத் தொட்டுவிடுவது. பலகைகள் கப்பலுக்குக் குறுக்காக ஓடும், அதனால் தூரிகையும் குறுக்காகவே போகட்டும், வாஷ் (பள்ளத்தில் இறங்கும் நீர்த்த பெயின்ட்) துடைப்பதும் குறுக்காக. நீளவாக்கில் துடைத்த கறை ஒன்று இருந்தாலும் உடனே கண்ணில் குத்தும்.

பக்கவாட்டு உருமறைப்பு மூன்று நிறம். கீழே அடர் நீலம், அதற்கு மேல் ஓஷன் கிரே, உச்சியில் ஹேஸ் கிரே, ஒன்றுக்குள் ஒன்று திட்டுத்திட்டாக ஏறி இறங்கும். எல்லைக்கோடு மிருதுவாகக் கலக்கக் கூடாது, இந்த அளவில் அது கூர்மையாகவே தெரிய வேண்டும். டேப்பைக் கத்தியால் வளைவாக வெட்டி ஒட்டுங்கள்.

இனி முக்கியமானது. டெக்கில் அன்றைக்கு மட்டும் இருந்த இரண்டு வெள்ளைக் கோடுகள்: ஒன்று முன் சக்கரத்துக்கு, ஒன்று இடது சக்கரத்துக்கு. அந்தக் கோட்டில் ஓடினால்தான் வலது சிறகு நுனி ஐலண்டில், அதாவது டெக்கின் வலப்பக்கம் நிற்கும் கோபுரத்தில், மோதாமல் சுமார் 6 அடி இடைவெளியில் தாண்டும். உங்கள் அளவில் அது இரண்டரை மில்லிமீட்டர். கிட்டோடு வரும் டீகால் ஸ்டிக்கரில் அந்தக் கோடு இல்லையென்றால் மெல்லிய டேப் இரண்டை ஒட்டி நடுவில் வெள்ளை அடித்துக்கொள்ளுங்கள், சுத்த வெள்ளை வேண்டாம், துளி சாம்பல் சேருங்கள். கோட்டை இஷ்டத்துக்குப் போட்டுவிட்டு விமானத்தை வைக்காதீர்கள். முதலில் ஒரு பி-25-ஐ ஐலண்ட் பக்கத்தில் வைத்து அந்த இடைவெளியை அளந்து, சக்கரம் எங்கே விழுகிறதோ அங்கே கோடு.

குட்டிச்சிறகு

விமானம் பற்றி நான் சொல்கிறேன். முதலில் பெட்டியில் எத்தனை பி-25 இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 16 தேறவில்லை என்றால் தனியாக விற்கும் செட் வாங்க வேண்டியிருக்கும். ஹார்னெட்டின் சொந்த விமானங்களை, அதாவது வைல்ட்கேட், டான்ட்லெஸ், டெவஸ்டேட்டர் மூன்றையும், இந்தக் காட்சியில் டெக்மேல் வைக்காதீர்கள். பி-25 மேலே அடைத்துக்கொண்டதால் அவை கீழே ஹேங்கரில் (டெக்குக்கு அடியில் விமானம் நிறுத்தும் கூடம்) முடங்கிக் கிடந்தன, வானத்தில் காவல் பார்த்தது கூட வந்த என்டர்பிரைஸ் கப்பலின் விமானங்கள்தான். ஹேங்கர் பக்கத்துக் கதவு ஒன்றைத் திறந்து வைத்து உள்ளே இரண்டு வைல்ட்கேட் தெரிகிற மாதிரி செய்தால் மிக அழகாக இருக்கும், நேரம் இருந்தால் செய்யுங்கள்.

அந்தப் பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கும். ஸ்ப்ரூவிலிருந்து (துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) நிப்பரால் நறுக்கென்று வெட்டினால் சிறகில் விரிசல் ஓடும். தள்ளி வெட்டிவிட்டு மிச்சத்தை மெல்லிய ரம்பத்தாலோ உப்புத்தாளாலோ எடுங்கள். பிறகு ப்ரைமர் கட்டாயம், இல்லையென்றால் எங்கே கோடு இருக்கிறது, எங்கே பள்ளம் இருக்கிறது என்றே தெரியாது.

கண்ணாடியை மறைத்து டேப் ஒட்டி, பெயின்ட் அடித்துவிட்டு உரித்து நிஜக் கண்ணாடியாக விடுவது 1/350-க்குச் சரி. 1/700-இல் அதை நான் செய்வதில்லை. உள்ளே காலி இல்லாத கட்டி பிளாஸ்டிக், அதனால் கண்ணாடி தெரியாது, பெயின்டின் உட்பக்க நிறம்தான் கலங்கலாகத் தெரியும். முழு விமானத்தையும் பெயின்ட் அடித்துவிட்டு, கண்ணாடி வரும் இடங்களில் கருநீலச் சாம்பலைத் தொட்டு வையுங்கள். காய்ந்ததும் அதன் மேல் விளிம்பில் மட்டும் அதே நிறத்தின் வெளிர் கலவையில் ஒரு கீற்று. பிறகு பல்குச்சி நுனியில் பளபளப்பு வார்னிஷ் ஒரே ஒரு துளி, அது தானாகப் பரவி வளைந்து நிற்கும். உடம்பு முழுக்க மேட், கண்ணாடி மட்டும் மினுங்கும்போது ஒரு கை தூரத்திலிருந்து பார்த்தால் கண் அதைக் கண்ணாடி என்றே எடுத்துக்கொள்கிறது. பி-25-க்கு மூக்கு, காக்பிட், மேல் டரட் (துப்பாக்கிக் கூண்டு), வால் நுனி ஆகிய நான்கு இடமும் மறக்காதீர்கள்.

நிறம் மேலே ஆலிவ் ட்ராப், அடியில் நியூட்ரல் கிரே. ஆலிவ் ட்ராபை பாட்டிலிலிருந்து அப்படியே அடித்தால் இந்த அளவில் கறுப்பாகத் தெரியும், தாராளமாக வெளிர் நிறம் கலந்து குறையுங்கள். சிறகின் முன்விளிம்பில் பனி உடைக்கும் கறுப்பு ரப்பர் பட்டை வரும், அதை மெல்லிய கோடாக இழுத்தாலே விமானத்துக்கு உயிர் வந்துவிடும். நட்சத்திரக் குறிக்கு நடுவில் சிவப்பு வட்டம் இருக்க வேண்டும், அதை எடுத்தது மே மாதம்தான். மேல்பக்கம் இடது சிறகில் மட்டும், அடியில் வலது சிறகில் மட்டும், பின் உடம்பின் இருபுறமும்.

அன்று போனது பி-25-இன் பி ரகம். வாலில் துப்பாக்கி கிடையாது. அதற்குப் பதிலாக எதிரியை ஏமாற்ற கறுப்பு பெயின்ட் அடித்த இரண்டு துடைப்பக் கட்டைகளைச் செருகியிருந்தார்கள். அடிவயிற்று டரட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 60 காலன் எரிபொருள் தொட்டி வைத்தார்கள், ஆகவே அடியில் முண்டு ஏதாவது இருந்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள். துடைப்பக் கட்டையை 1/700-இல் காட்ட முடியுமா என்றால், ஸ்ப்ரூவை மெழுகுவத்தியில் காட்டி முடிபோல் இழுத்து ஒட்டலாம். 16-க்கும் வேண்டாம், பார்வையாளர் பக்கம் வால் காட்டி நிற்கிற மூன்று நாலுக்குச் செய்தால் போதும்.

அடுக்குவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் நின்ற டூலிட்டிலின் விமானத்துக்கு முன்னால் இருந்த வெற்று டெக் 467 அடி, உங்கள் மாடலில் 20 சென்டிமீட்டர் சொச்சம். டெக் மொத்தம் 814 அடி, 35 சென்டிமீட்டர். ஆக மீதி 15 சென்டிமீட்டருக்குள் 16 விமானமும் அடங்க வேண்டும், ஒவ்வொன்றும் 2.3 நீளம், 2.9 அகலம். நேராக அடுக்கினால் இடம் பற்றாது. இடதும் வலதும் மாற்றி மாற்றி, கொஞ்சம் சாய்த்து, ஒன்றின் சிறகுக்குப் பின்னால் அடுத்ததன் மூக்கு நுழைகிற மாதிரி நிறுத்தியிருந்தார்கள், கடைசி விமானத்தின் வால் கப்பலின் பின்விளிம்பைத் தாண்டிக் கடல்மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றுப் பிரிவு வைத்திருக்கும் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஐலண்டிலிருந்து பின்பக்கம் பார்த்து எடுத்தவற்றைத் தேடிப் பிடியுங்கள். பசை வைப்பதற்கு முன் காகிதத்தில் டெக் அளவு வரைந்து அதன்மேல் அடுக்கிப் பாருங்கள்.

செம்புச்சட்டம்

முழுதாக ஒட்டிவிட்டுப் பெயின்ட் என்பது கேரியருக்கு ஆகவே ஆகாது தம்பி. கூடு தனி, டெக் தனி, ஐலண்ட் தனி, மூன்றையும் தனித்தனியாகப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். குறிப்பாக முகப்பில் டெக்குக்கு அடியில் திறந்த இடம் ஒன்று இருக்கிறது, நங்கூரச் சங்கிலி ஓடும் இடம், தூண்கள் டெக்கைத் தாங்கும். டெக்கை ஒட்டியபிறகு அங்கே தூரிகை போகாது, ஆனால் எதிரிலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

டெக் ஒட்டும்போது நடுவிலிருந்து தொடங்கி முனைகளை நோக்கிப் போங்கள், ஒவ்வொரு பகுதியாக டேப் போட்டு இறுக்கி, ஒட்டியது பிடித்த பிறகே அடுத்தது. டெக் லேசாக வளைந்து வந்திருந்தால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு நேராக்கிக்கொள்ளுங்கள்.

போட்டோ எட்ச் பற்றி என் கருத்து மற்றவர்களோடு ஒத்துப்போகாது. முதல் கப்பலுக்கு முழு செட் வாங்காதீர்கள். நூற்றுக்கணக்கில் துண்டுகள் வரும், பாதிக்கு மேல் டெக்கின் நிழலில் மறைந்துவிடும். மூன்று இடத்தில் போதும்: டெக் ஓரத்துக்குக் கொஞ்சம் கீழே ஓடும் நடைபாதைகளின் ரெயிலிங், ராடார், டெக்கின் குறுக்கே போகும் தடுப்புக் கம்பிகள். டெக் விளிம்பிலேயே ரெயிலிங் நட்டுவிடாதீர்கள், கேரியரில் அங்கே ரெயிலிங் கிடையாது, நட்டால் விமானம் எப்படி ஓடும்! ரெயிலிங்கைச் சட்டத்தில் இருக்கும்போதே பெயின்ட் அடித்து, வெட்டி, இரண்டு முனையிலும் ஊசியால் துளி சூப்பர் க்ளூ, நடுவில் வெள்ளைப் பசை. வெள்ளைப் பசை காய நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் ட்வீசரால் நிமிர்த்திக்கொள்ளலாம், காய்ந்தால் நிறமும் தெரியாது. மாஸ்ட் கம்பிகளுக்கு இழுபடும் மெல்லிய நூல் வாங்கிக்கொள்ளுங்கள், கை பட்டாலும் அறுந்துபோகாது.

கடைசியாக மேட் வார்னிஷ். லாக்கர் வகை என்றால் மழை பெய்கிற நாளில் அடிக்க வேண்டாம், ஈரக்காற்றில் வெளுத்துப் பூத்துவிடும்.

நங்கூரம்

மூவருக்கும் மிக்க நன்றி. காகிதத்தில் டெக் வரைந்து விமானங்களை அடுக்கிப் பார்த்தேன், 15 சென்டிமீட்டரில் 16-ம் அடங்கிவிட்டது, ஆனால் முன்னே அந்த 20 சென்டிமீட்டர் காலியாக இருப்பதைப் பார்க்கும்போதுதான் அவர்கள் எவ்வளவு குறைந்த தூரத்தில் ஏறியிருக்கிறார்கள் என்று உறைக்கிறது. ஒரு யோசனை: முதல் விமானம் ஏறிவிட்டது, இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது என்று இரண்டையும் காட்டலாமா?

டெக்_நீலம்

இரண்டும் ஒன்றாக வேண்டாம். முதல் விமானம் கிளம்பியது 8:20, கடைசி 9:19. சராசரியாக ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நாலு நிமிடம். இரண்டாவது ஓடத் தொடங்கும்போது முதலாவது உங்கள் பலகையை எப்போதோ தாண்டிப் போயிருக்கும். டூலிட்டிலின் விமானம் ஒன்றை மட்டும் டெக் முனையில் சக்கரம் எழும்பும் நிலையில் வையுங்கள், சிறகின் பின்விளிம்பு ஃப்ளாப் முழுதாக இறக்கி. ப்ரொப்பெல்லர் தகடுகளை வெட்டிவிட்டு ஒளி ஊடுருவும் ஓவர்ஹெட் ஷீட்டில் சின்ன வட்டம் நறுக்கி ஒட்டலாம். பின்னால் நிற்பதில் அடுத்த ஒன்றிரண்டுக்கும் எஞ்சின் ஓடட்டும்.

கடலையும் அதற்கேற்ற மாதிரி செய்ய வேண்டும். அன்று அலை பயங்கரம், கப்பல் முன்னும் பின்னும் எழுந்து விழுந்துகொண்டிருந்தது. கொடி காட்டும் அதிகாரி முகப்பு கீழே இறங்கும்போது விமானத்தை விடுவார், அது ஓடி முனைக்குப் போய்ச் சேரும்போது முகப்பு மேலே எழும்பியிருக்கும். ஆகவே உங்கள் விமானம் முனையில் இருந்தால் கப்பலின் முகப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும், அலையை அதற்குத் தக்கபடி அக்ரிலிக் ஜெல்லில் ஏற்றுங்கள். வாட்டர்லைனாகவே, அதாவது நீர்மட்டத்துக்கு மேல் தெரிவதை மட்டும், கட்டுங்கள், அடிப்பகுதி வேண்டாம்.

டெக்கின் முன்பாதிக்கு அரை மேட் வார்னிஷ் போதும், அலைத்தூவல் விழுந்து நனைந்த டெக் அது. 16-வது விமானத்தை நகர்த்தும்போது ஒரு மாலுமி கால் வழுக்கி ப்ரொப்பெல்லரில் சிக்கிக் கையையே இழந்தார், அவ்வளவு ஈரம். மாலுமி உருவங்கள் வைப்பதானால் சக்கரத்துக்குப் பக்கத்திலும் வால் பக்கத்திலும் குனிந்து, காற்றுக்குச் சாய்ந்து நிற்கிற மாதிரி தேர்ந்தெடுங்கள். காகித அடுக்கைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், சாய்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.