‘ஸ்ட்ரா மேன்’: திரிகூற்றா, வைக்கோற்கன்றா?

அன்புடையீர்,

தருக்கப் பிழைகளுக்குத் தமிழ்ப்பெயர் வைக்கும் நம் பட்டியலில் இன்னும் முடிவாகாமல் நிற்பது ஆங்கிலத்தின் ‘ஸ்ட்ரா மேன்’. பலரும் ‘வைக்கோல் மனிதன்’ என்றே எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவருக்குக் கண்முன் வருவது சோளக்கொல்லைப் பொம்மை. அதன் வேலை காக்கையை விரட்டுவது. அதை அடித்து வீழ்த்தி வெற்றி கொண்டாடுவார் யாருமில்லை. படிமமே தப்பாகப் போகிறது.

என் முன்மொழிவு: திரிகூற்றுப் போலி. எதிராளி சொன்னதைத் திரித்து, திரித்த வடிவத்தை மறுத்துவிட்டு, அவர் சொன்னதையே மறுத்ததாகக் கணக்குக் காட்டுவது.

‘பள்ளி வாசலில் வேகத்தடை போட வேண்டும்’ என்கிறார் ஒருவர். ‘தெருவுக்குத் தெரு வேகத்தடை போட்டால் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?’ என்கிறார் மற்றவர். ஆம்புலன்ஸ் கவலை நியாயமானதுதான். ஆனால் கேட்டது ஒரு வாசலுக்கு. விழுந்தது தெருவுக்குத் தெரு.

கண்டுபிடிக்க ஒரு தாளும் இரண்டு வரியும் போதும். முதல் வரியில் மூலக் கூற்றை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். சுருக்க வேண்டாம், சுருக்கும்போதுதான் திரிபு நுழையும். இரண்டாம் வரியில் மறுப்பு எந்தக் கூற்றை வீழ்த்துகிறதோ அதை எழுதுங்கள். பிறகு அளவு மாறியிருக்கிறதா (‘சில’ என்பது ‘எல்லாம்’ ஆகியிருக்கிறதா), உறுதி மாறியிருக்கிறதா (‘கூடும்’ என்பது ‘கட்டாயம்’ ஆகியிருக்கிறதா), நிபந்தனை உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான திரிபு இந்த மூன்றில்தான் நடக்கிறது. அதிலும் உதிர்ந்துபோன நிபந்தனை கண்ணில் படுவதேயில்லை, இல்லாததைத் தேட வேண்டியிருப்பதால்.

———

> திரிகூற்றுப் போலி

‘திரிகூற்று’ சரி. ‘போலி’தான் உறுத்துகிறது. போலி மருத்துவர், போலி முத்திரைத்தாள் என்று புழங்கிப் புழங்கி, ஏமாற்றும் எண்ணம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தெரியாமல் தவறாக வாதிடுபவரும் உண்டே. இலக்கணத்திலோ போலி குற்றமே இல்லை. பந்தல் பந்தர் ஆனாலும் பொருள் மாறாது. ‘வழு’ என்று வைத்தால் என்ன? சின்னச் சொல், குற்றம் என்பது நேராகத் தெரியும்.

———

> ‘வழு’ என்று வைத்தால் என்ன?

ஐயா, வழுவைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. நிரலில் பிழை என்றால் வழு. மேலும் இலக்கணத்தில் வழுவென்றால் கூடவே வழுவமைதியும், அதாவது குற்றத்தைக் காரணம் காட்டி ஏற்றுக்கொள்வதும், வரும். தருக்கத்தில் அமைதி சொல்ல இடமில்லை.

போலி இந்தத் துறையில் நேற்று வந்த சொல் அல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், பக்கம் (நிறுவ எடுத்த கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்று அனுமானத்தின் உறுப்புகளைச் சொல்கிறார். இம்மலை நெருப்புடைத்து, புகையுடைத்து ஆதலால், அடுக்களை போல என்று போகும் அந்த எடுத்துக்காட்டு. அடுத்துப் பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 என்று 33 போலிகளை வரிசைப்படுத்துகிறார். ‘என் தாய் மலடி’ என்பது பக்கப் போலியில் ஒன்று, சுவசன விருத்தம்: தன் சொல்லைத் தானே மறுப்பது. இதில் யாரை ஏமாற்ற? பக்கம் போலத் தோன்றுகிறது, பக்கம் இல்லை. அவ்வளவுதான் அங்கே ‘போலி’. இன்னொரு வசதி, எந்த உறுப்பு கெட்டதோ அதன் பெயரே முன்னால் நிற்கிறது. ‘ஏதுப் போலி’ என்று கேட்ட உடனே காரணத்தைப் பார்க்கப் போய்விடுவோம். ‘வைக்கோல் மனிதன்’ எந்த இடத்தையும் காட்டாது.

ஆனால் அந்த 33இல் திரிகூற்றுக்கு நேரான இடம் இல்லை. அவை சொந்த அனுமானத்தில் நேரும் பழுதுகள். இது அடுத்தவர் கூற்றைக் கையாள்வதில் நேர்வது. நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் எழுவகை மதத்தில் (நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளில்) ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’ என்று ஒன்று உண்டு: பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பிறகு களைவது. ஏற்றுக்கொள்ளும் அந்த முதல் படியில் கோணல் விழுந்தால் திரிகூற்று. ‘மேற்கோள் திரிபு’ என்று வைக்கலாமா என்றுகூடப் பார்த்தேன். பழைய அளவை நூல்களில், அதாவது தருக்க நூல்களில், மேற்கோள் என்றால் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. இன்றைக்கோ பிறர் வாசகத்தை எடுத்தாள்வது. தப்பாக மேற்கோள் காட்டியதாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள்.

வடமொழி நியாய நூலில் நெருங்கிய சரக்கு ‘சலம்’, மூன்று வகை. ‘இவன் நவ கம்பளம் உடையவன்’ என்றால், புதுக் கம்பளம் என்று சொன்னதை ஒன்பது கம்பளம் என்று எடுத்துக்கொண்டு ‘ஒன்றுதானே இருக்கிறது?’ என்று மடக்குவது வாக்குச் சலம். சொன்னதை அளவு மீறி விரித்துக்கொண்டு மறுப்பது சாமானிய சலம். நம் வேகத்தடைக்காரர் செய்தது இதுதான். குறளிலும் ‘சலத்தால் பொருள்செய்து’ என்று வஞ்சனைப் பொருளில் சொல் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் சலம் என்றால் சிறுநீர். பாடநூலில் வைத்தால் வகுப்பு சிரிக்கும்.

போகிற போக்கில் இன்னொன்று: பேச்சை வேறு பொருளுக்குத் திருப்பிவிடும் ‘ரெட் ஹெர்ரிங்’குக்குப் புதுச்சொல் எதற்கு? நன்னூல் சொன்ன பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’ அப்படியே கிடக்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

———

படிமமே வேண்டாம் என்று ஏன் தள்ள வேண்டும்? நம்மிடம் வேறு வைக்கோல் இருக்கிறது. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன் நிறுத்திப் பால் கறப்பார்கள். மாடும் அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். உண்மையான கூற்றை எடுத்துவிட்டு, அதன் தோலை மட்டும் போர்த்திய ஒன்றைக் கேட்பவர் முன் நிறுத்துவது இதேதான். எதிராளியின் ஓரிரு சொற்கள்தான் அந்தத் தோல். அவை இருப்பதால்தான் கேட்பவர் ஏமாறுகிறார். ‘வைக்கோற்கன்று’ என்கிறேன்.

———

> வைக்கோற்கன்று

அருமையான சொல், தோல் பற்றிய விளக்கம் அதைவிட. மேடைக்கும் கட்டுரைக்கும் வைத்துக்கொள்வோம். பட்டியலின் தலைச்சொல்லாக மட்டும் வேண்டாம். கன்றுத்தோல் பார்த்திராத மாணவருக்கு முதலில் மாட்டை விளக்க வேண்டியிருக்கும்.

எந்தச் சொல் வந்தாலும் வரையறையில் ஓர் எல்லைக்கோடு வேண்டும். எதிராளியின் கூற்றிலிருந்து உண்மையிலேயே பின்தொடரும் விளைவைக் காட்டி மறுப்பது திரிகூற்று ஆகாது. ‘கட்டணமே வேண்டாம்’ என்பவரிடம் ‘அப்படியானால் பராமரிப்புச் செலவு எங்கிருந்து வரும்?’ என்று கேட்பது முறையான கேள்வி. அவர் சொல்லாததைச் சொன்னதாக ஏற்றினால்தான் போலி. இந்த வேறுபாட்டை எழுதாமல் விட்டால், சங்கடமான கேள்வி வரும்போதெல்லாம் ‘திரிகூற்று, திரிகூற்று’ என்று கூவித் தப்பிக்கலாம். எதிர்த்தரப்பில் ஆக மோசமாகப் பேசிய ஒருவரைத் தேடிப் பிடித்து அவரை மட்டும் மறுப்பதும் வேறு. அங்கே கூற்று திரியவில்லை, ஆள்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

‘திரிகூற்று’ பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் அதன் வினைவடிவம். வாதத்தின் நடுவில் பெயர்ச்சொல்லை எடுத்து வீச முடியாது. ‘நான் சொன்னதைத் திரிக்கிறீர்கள், நான் ஒரு வாசலுக்குத்தான் கேட்டேன்’ என்று சொல்ல முடிகிறது. ‘கன்று காட்டுகிறீர்கள்’ என்றால் எதிரில் இருப்பவர் அடிக்க வருவார்.