ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் ஒலிகள்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் 1963 முகப்பு இசையைப் பழைய முறையில் திரும்பச் செய்ய முயல்பவர்கள் முதலில் சறுக்குவது பேஸில்தான் (கீழ்ஸ்தாயிப் பகுதியில்). ரான் கிரெய்னர் எழுதிய மெட்டுக்கு, டிக் மில்ஸ் துணையோடு ஒலி கொடுத்தவர் டீலியா டெர்பிஷயர். இடம், லண்டன் மைடா வேலில் நிகழ்ச்சிகளுக்கு ஒலி உருவாக்க 1958-இல் பிபிசி தொடங்கிய ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப். கையில் சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) கிடையாது. பேஸுக்கு மீட்டிப் பதிந்த தந்தி ஒலி, சோதனைக்கென்று வைத்திருந்த ஆசிலேட்டர் (சீரான சுரம் எழுப்பும் மின்கருவி), வடிகட்டிய இரைச்சல், அவ்வளவுதான்.

பதிந்த ஒலியின் சுரத்தை மாற்ற, டேப் ஓடும் வேகத்தை மாற்றுவதே வழி. டேப்பை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். அரைச்சுரம் ஏற 1.0595 மடங்கு போதும். ஆனால் வேகம் கூடும்போது கார்வை குறையும். 1 நொடி ஒலித்த தந்தி மேல்ஸ்தாயியில் அரை நொடியில் அடங்கிவிடும். அதனால் மீட்டியதும் ஒலி தானாக அடங்கும்வரை பதிவை நிறுத்தாதீர்கள். மெல்லிசையின் வழுக்கல், ஆசிலேட்டர் குமிழைக் கையால் திருப்பி எடுத்தது. நம்மூர் கர்நாடக இசையின் ஜாரு போலவே இருக்கும்.

* * *

இப்படி எடுத்த சுரங்களை டேப் துண்டுகளாக வெட்டி ஒட்டி மெட்டாக்குவதைப் பற்றி நான் சேர்க்கிறேன். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் கால் நொடிச் சுரத்துக்கு 3.75 அங்குலம். ஒவ்வொரு துண்டும் 1 மி.மீ. கூடினால், 40 ஒட்டு தாண்டும்போது தாளம் பத்தில் ஒரு நொடி பிந்தும்; காது உடனே பிடித்துவிடும். முந்தைய துண்டின் முடிவிலிருந்து அளக்காமல், எப்போதும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே அளக்க வேண்டும்.

45 டிகிரியில் வெட்டினால் சுரங்கள் மெல்லக் கலக்கும். நேராக வெட்டினால் சுரம் வெட்டென்று தொடங்கும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தால் ஒவ்வொரு ஒட்டிலும் 'டிக்' கேட்கும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

* * *

அந்த இசைக்கு மல்டிட்ராக் கருவியும் (ஒரே டேப்பில் பல தடங்களைப் பதிவது) இல்லை. தனித்தனி டேப்புகளைத் தனித்தனி கருவிகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டுத்தான் கலந்தார்கள். அவை ஒத்துப்போகாதபோது, மைடா வேலின் நீண்ட நடைக்கூடத்தில் டேப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒட்டுகளை ஒப்பிட்டுக்கொண்டே நடந்து பிசகிய இடத்தைக் கண்டுபிடித்ததாக டிக் மில்ஸ் சொல்லியிருக்கிறார். 15 அங்குல வேகத்தில் ஒரு நிமிட இசையே 75 அடி டேப்!

ராயல்டியில் பாதியை டெர்பிஷயருக்குத் தர கிரெய்னர் முன்வந்தும் பிபிசி விதி இடம் தரவில்லை. திரையில் டெர்பிஷயர் பெயர் வந்தது 2013-இல். அவர் இறந்து 12 ஆண்டுக்குப் பிறகு. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

பிறகு சிந்தசைசர்கள் வந்தன, 1980-இல் பீட்டர் ஹவல் அதே இசையைப் புதிதாகச் செய்தார், 1998-இல் ஒர்க்‌ஷாப் மூடப்பட்டது. 2009-இல் பழைய உறுப்பினர்கள் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் மேடையில் வாசித்தார்கள்.

* * *

விளக்கு மூடியை விட்டுவிட்டீர்களே! டெர்பிஷயர் பச்சை உலோக விளக்கு மூடி ஒன்றைத் தட்டிப் பதிந்து, தட்டிய கணத்தை நீக்கிவிட்டு, ரீங்காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அதிலுள்ள அதிர்வெண்களைப் பிரித்தறிந்து ஆசிலேட்டர்களால் மறுபடி கட்டினார். சஹாராவின் துவாரெக் மக்களைப் பற்றிய ஆவணப்படத்தில் ஒட்டக வரிசைக்குக் கேட்கும் ஒலி அப்படிப் பிறந்ததே. வீட்டில் செய்ய எவர்சில்வர் கிண்ணமே போதும். தட்டிய கணம் துளி மிஞ்சினாலும் காது 'கிண்ணம்' என்று சொல்லிவிடும். ஆகவே வெட்டிய பின்னும் ஒலியளவைச் சுழியத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள்.