மறுமொழி: கஸ்டமைசேஷன் – ‘தனிப்பயனாக்கம்’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம். ஒரு பொருளை அவரவர் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றியமைப்பதைக் குறிக்கும் ‘கஸ்டமைசேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்ற பேச்சில் அக்கா எழுதியது இது:

> கணினியிலும் கைப்பேசியிலும் ‘தனிப்பயனாக்கம்’ வந்துவிட்டது. அதையே வைத்துக்கொள்வோமே, புதிதாக எதற்கு?

அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. புழக்கத்தில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்கிப்போட எனக்கும் ஆசையில்லை. திரையின் நிறத்தை மாற்ற அது போதும். ஆனால் நாம் தொகுப்பது உற்பத்தித்துறைக் கலைச்சொல் பட்டியல். சாதாரண மக்கள் தங்கள் பொருளைத் தாங்களே வடிவமைப்பார்களா என்ற பேச்சு அங்கே வந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் இந்தச் சொல் மூன்று காரியங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

ஒன்று, கடைக்காரர் காட்டுவதிலிருந்து எடுத்துக் கோப்பது. ஷூ நிறுவனமான நைக்கி 1999இல் தொடங்கிய இணையச் சேவையில் அடிப்பாகத்துக்கு ஒரு நிறம், நாடாவுக்கு ஒரு நிறம் என்று நாமே சொல்லலாம். ஷூ என்னவோ அவர்களுடையதுதான். இதற்குப் ‘பொறுக்கமைப்பு’ என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். ‘பொறுக்கி’தான் காதில் விழுகிறதாம். சரி, ‘தெரிவமைப்பு’.

இரண்டு, நம் அளவுக்கு ஒருவரைக்கொண்டு செய்வித்துக்கொள்வது. 1994இல் லீவைஸ் பெண்களுக்கு அளவெடுத்து ஜீன்ஸ் தைத்துத் தரத் தொடங்கியது அமெரிக்காவில் பெரிய செய்தி. அளவு ஜாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு தையல்கடைக்குப் போகிறவர்களுக்கு அதில் என்ன புதுமை? ‘கழுத்து அரை இன்ச் இறக்கம், கை முழங்கைக்கு மேல, பின்னாடி கயிறு வேண்டாம்.’ தையல்காரர் பில் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அதிலேயே பின் அடித்துவிடுவார். இதற்குப் பேச்சிலேயே சொல் தயாராக இருக்கிறது. நகையைப் பார்த்ததும் கேட்பார்களே, ‘கடையில வாங்கினதா, சொல்லிச் செஞ்சதா?’ என்று. ‘சொல்லிச்செய்தல்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு.

மூன்றாவதுதான் நிஜமான வடிவமைப்பு. பொம்மைக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனம் 2005இல் இதைச் செய்து பார்த்தது. மென்பொருளில் நாமே ஒன்றைக் கட்டி அனுப்பினால், அதற்கு வேண்டிய கட்டைகளை மட்டும் பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். கட்டிப் பார்க்க ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் 2012 ஜனவரியில் மூடிவிட்டார்கள். சேவை தங்கள் தரத்துக்கு எட்டவில்லை என்றார்கள். இப்போது நிறுவனம் நடத்துவது வேறு ஏற்பாடு. ஒருவர் வடிவமைத்து முன்வைப்பார். 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் பரிசீலிக்கும். தேறினால் கடைக்கு வரும், வடிவமைத்தவருக்கு விற்பனையில் 1 விழுக்காடு. ஒருவர் வரைய, பல்லாயிரம் பேர் வாங்குகிறார்கள். எல்லோரும் வடிவமைப்பார்கள் என்ற கனவு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நானும் அந்தக் கனவோடு ஒருமுறை இறங்கிப் பார்த்தேன். குழம்புச் சட்டி மூடியின் குமிழ் உடைந்தது. கணினியில் நானே வரைந்து, தெரிந்த பையன் ஒருவனிடம் முப்பரிமாண அச்சில் எடுத்து வாங்கினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. பருப்பு கொதித்துப் பத்து நிமிடத்தில் தலை சாய்ந்துவிட்டது. அந்தப் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கிலேயே இளகும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வடிவம் என்னுடையது, பொருளறிவு என்னிடம் இல்லை. இந்த மூன்றாவதற்குத் ‘தன்வடிவாக்கம்’ என்று வைக்கலாமா?

---

ஐயா, ‘தெரிவமைப்பு’ எனக்குச் சம்மதம். ‘தன்வடிவாக்கம்’ வேண்டாம். பொருள் தானே வடிவம் எடுத்துக்கொள்கிறது என்று படிக்கிறவர் நினைப்பார். ‘சொல்லிச்செய்தல்’ கேட்க இனிக்கிறது, ஆனால் இணையக்கடைப் பொத்தானில் எப்படி எழுதுவீர்கள்? இன்னொன்று: முப்பரிமாண அச்சுக்கான வடிவங்களைப் பகிர்ந்துகொள்ளும் திங்கிவெர்ஸ் போன்ற இணையதளங்களில் ஒருவர் கொக்கி ஒன்றை வரைந்து, நீளத்தையும் விட்டத்தையும் மட்டும் மாற்றும்படி திறந்து வைத்திருப்பார். நாம் எண்ணை மாற்றினால் போதும். அது உங்கள் மூன்றில் எதில் சேரும்?

---

அக்கா, பொத்தானில் ‘சொல்லிச் செய்க’ என்று போடலாம். ‘ஆர்டர் செய்க’ என்பதற்கும் இதற்கும் எழுத்து எண்ணிக்கை ஒன்றுதான். ‘தன்’ பற்றிச் சொன்னது சரி, எனக்குத் தோன்றவே இல்லை. ‘சொந்த வடிவமைப்பு’ என்றே இருக்கட்டும், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொக்கியை நான் தெரிவமைப்பில்தான் சேர்ப்பேன். எந்த எண்ணை மாற்றலாம் என்பதை முடிவு செய்தவர் நாமில்லையே. மற்றவர்கள் மறுத்தால் கேட்கிறேன்.

குமிழுக்குக் கடைசல் பட்டறையில் மரத்தில் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.