உதவி தேவை: இபி-5 (முதலீடு செய்து அமெரிக்காவில் குடியேறும் விசா) கேஸில் மும்பை நேர்காணல் தேதி வரவில்லை. கொரோனா தேக்கம் இன்னும் இருக்கா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)
அண்ணனோட கேஸ். 2020 ஜனவரி 21-ல ரீஜனல் சென்டர் (பல பேர் முதலீட்டைச் சேர்த்துத் திட்டத்துல போடுற, அரசு அனுமதிச்ச அமைப்பு) வழியா ஐ-526 (முதலீட்டாளர் மனு) போட்டது, முதலீடு 9 லட்சம் டாலர். 2023 ஆகஸ்ட் 21-ல அப்ரூவல். 2024 பிப்ரவரியில டிஎஸ்-260 (குடியேற்ற விசா விண்ணப்பம்) போட்டாச்சு. பிறப்புச் சான்றிதழ்ல பேர் ஏறாம இருந்ததால இழுத்து, 2025 மார்ச்லதான் பேப்பர் எல்லாம் சரின்னு என்விசி (அமெரிக்க தேசிய விசா மையம்) மெயில் வந்தது. அதுக்கப்புறம் எந்தத் தகவலும் இல்ல. ஏஜென்ட்டைக் கேட்டா கொரோனா தேக்கம்ங்கிறார். அண்ணன் பொண்ணு 2000 ஜூன் 12-ல பிறந்தவ. 21 தாண்டிட்டதால அவ பேர் கழன்றுடுமா? மெடிக்கல் இப்பவே எடுத்து வைக்கலாமா?

பதில் 1 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)
ஏஜென்ட் சொல்றது உங்க கேஸுக்குப் பொருந்தாது சார். ஒவ்வொரு கட்டமா பிரிச்சுப் பாருங்க.

கொரோனாவால தூதரகங்கள் வழக்கமான விசா வேலையை நிறுத்தினது 2020 மார்ச் 20-ல. ஜூலையிலதான் படிப்படியா திறந்தாங்க. நேர்காணலுக்குக் காத்திருந்த குடியேற்றக் கேஸ்கள் 2019-ல சராசரியா 60 ஆயிரம் சொச்சம். 2021 நடுவுல 5 லட்சத்தைத் தாண்டிடுச்சு. அந்த அடி பலமானதுதான். ஆனா உங்க அண்ணன் அப்ப மும்பை வரிசையிலயே இல்ல, ஐ-526 நிலையிலதான் இருந்தார். அங்கேயும் ஒரு பெரிய துண்டு கொரோனா கணக்கு இல்ல: 2021 ஜூன் 30-ல ரீஜனல் சென்டர் சட்டமே காலாவதி ஆகி, 2022 மார்ச் 15-ல புதுச் சட்டம் வர்ற வரைக்கும் எட்டரை மாசம் அந்த மனுக்களை அப்படியே கிடப்புல வச்சிருந்தாங்க.

மெயிலுக்கு அப்புறம் மாட்டினது விசா புல்லட்டின்ல. அது அமெரிக்க வெளியுறவுத்துறை மாசாமாசம் போடுற வரிசைப் பட்டியல்; அதுல இருக்கிற தேதிக்கு முன்னாடி மனு போட்டவங்களுக்குத்தான் விசா. 2025 ஏப்ரல்ல இந்தியாவோட பொது இபி-5 தேதியை 2022 ஜனவரி 1-லிருந்து 2019 நவம்பர் 1-க்குப் பின்னால தள்ளிட்டாங்க. உங்க தேதி 2020 ஜனவரி. மெயில் மார்ச்ல வந்தது, அடுத்த மாசமே கதவு மூடிடுச்சு. 2025 அக்டோபர்லதான் 2021 பிப்ரவரி 1-க்கு நகர்ந்து உங்க தேதி மறுபடி உள்ள வந்துச்சு. இனி மாசாமாசம் புல்லட்டின்ல 'இறுதி நடவடிக்கை' அட்டவணையை மட்டும் பாருங்க. 'விண்ணப்பம் போடும் தேதி'ன்னு இன்னொரு அட்டவணை இருக்கும், நேர்காணலுக்கு அது செல்லாது.

பதில் 2 (திருப்பாதிரிப்புலியூர்)
பொண்ணு விஷயத்துல பயப்படாதீங்க. அப்ரூவலுக்கு அப்புறம் புல்லட்டின்ல உங்க தேதி திறக்கிற நாள்ல இருக்கிற வயசுல இருந்து, ஐ-526 பரிசீலனையில கிடந்த காலத்தைக் கழிக்கணும். அப்ரூவலுக்கு அப்புறம் உங்க தேதி முதல்ல திறந்தது 2024 ஜனவரி புல்லட்டின்ல. அன்னிக்கு இந்தியாவுக்குப் போட்டிருந்த தேதி 2020 டிசம்பர் 1.

2024 ஜனவரி 1-ல வயசு: 23 வருஷம், 6 மாசம், 20 நாள்.
மனு கிடந்தது: 3 வருஷம், 7 மாசம்.
மிச்சம்: 19 வருஷம், 11 மாசம், 20 நாள்.

21-க்குக் கீழ. திறந்த ஒரு வருஷத்துக்குள்ள டிஎஸ்-260 போட்டிருக்கணும்ங்கிறது நிபந்தனை. பிப்ரவரியிலேயே போட்டுட்டீங்க. ஆனா பொண்ணு பேர்லயும் தனி டிஎஸ்-260 போயிருக்கான்னு உறுதிப்படுத்தின பக்கத்தை எடுத்துப் பாருங்க. குடும்பத்துக்கே ஒண்ணு போதும்னு விட்டுட்டு மாட்டிக்கிறவங்க உண்டு. இன்னொண்ணு: அமெரிக்காவுக்குள்ள கால் வைக்கிற வரைக்கும் அவளுக்குக் கல்யாணம் ஆகக்கூடாது. நிச்சயதார்த்தம் பரவாயில்ல, பதிவுத் திருமணம் பண்ணினாலும் போச்சு. தாமதம் இங்க உதவினதைக் கவனிங்க: கழிக்கிறது ஐ-526 கிடந்த நாளை மட்டும்தான். அப்ரூவலுக்கு அப்புறம் புல்லட்டினுக்காகக் காத்திருக்கிற நாள் கழியாது.

கேட்டவர்
ரொம்ப நன்றிங்க. அண்ணன் சிங்கப்பூர்ல ஆறு வருஷம் இருந்தார். அந்தப் போலீஸ் சான்றிதழ் 2022-ல வாங்கினது. செல்லுமா?

பதில் 1
திரும்ப அங்க போகாம இருந்தா செல்லும். அதுக்கப்புறம் போயிட்டு வந்திருந்தா, 2 வருஷத்துக்கு மேல பழசானது ஏத்துக்க மாட்டாங்க. விரல்ரேகை எடுத்து மறுபடி விண்ணப்பிக்கணும், இப்பவே ஆரம்பிச்சுடுங்க. இந்தியச் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவாவுல வாங்கினதும் 2 வருஷம் தாண்டியிருந்தா புதுசு வேணும்.

மெடிக்கல் இப்ப வேண்டாம். நேர்காணல் கடிதம் கையில வந்ததும் சென்னையில இருக்கிற, தூதரகம் அங்கீகரிச்ச மருத்துவர்கிட்ட எடுங்க. பெரும்பாலும் 6 மாசம்தான் செல்லும், விசாவோட ஆயுளும் அதோட ஒட்டியே முடியும். முன்கூட்டி எடுத்து, தேதி தள்ளிப்போனா பணம் வீண். கொரோனா தடுப்பூசிச் சான்று 2021 அக்டோபர்ல கட்டாயமாச்சு, 2025-ல நீக்கிட்டாங்க. மத்த தடுப்பூசி அட்டைகளை மட்டும் எடுத்துட்டுப் போங்க.

இன்னொருவர் (நெல்லிக்குப்பம்)
இப்ப புதுசா போடுறவங்க இந்த வரிசையிலதான் நிக்கணுமா?

பதில் 2
பொதுப் பிரிவுல போட்டா ஆமா. கிராமப்புறத் திட்டத்துல 8 லட்சம் டாலர் போட்டா, அதுக்குன்னு 20 சதவீத விசா தனி ஒதுக்கீடு, மனுவுக்கும் முன்னுரிமை. பணம் அனுப்பறதுலதான் சிக்கல்: ரிசர்வ் வங்கி வரம்பு ஒரு ஆளுக்கு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர். மார்ச் கடைசியில ஒரு தவணை, ஏப்ரல்ல ஒரு தவணைன்னு கணவனும் மனைவியும் அனுப்பினா 10 லட்சம் வரை போகும். மனைவி பணம் கணவன் பேருக்குக் கொடையா மாறுதுன்னா கொடைப் பத்திரமும், அந்தப் பணம் வந்த வழிக்கான வருமான வரிக் கணக்கு, சொத்து விற்ற பத்திரம் எல்லாமும் மனுவோட போகணும்.