ஊட்டிக் குளிரில் பழகின கோல்ஃப் ஆட்டம் சமவெளியில் எடுபடுமா? ஒரு சீசன் ஆடினவங்க சொல்லுங்க

குன்னூர்_பனி:
வணக்கம். வயசு 22, வெலிங்டன் பக்கம் வீடு. அப்பா கோல்ஃப் கோர்ஸில் கேடியா (ஆடுறவங்களுக்குப் பை தூக்குறவரா) இருந்தார், அவர் பின்னாடியே போய்ப் பழகினதுதான். இப்போ ஹேண்டிகேப் (திறமைக் கணக்கு, குறைஞ்சா நல்லது) 1. ப்ரோ (தொழில்முறை ஆட்டக்காரன்) ஆகி, பிஜிடிஐங்கிற இந்திய ப்ரோ டூரோட குவாலிஃபையிங் ஸ்கூல் (தகுதிப் போட்டி) போய், மெயின் டூருக்கு இடம் கிடைக்கலைன்னா அதுக்குக் கீழே இருக்கிற நெக்ஸ்ஜென் டூரில் ஒரு வருஷம் ஆடலாம்னு ஆசை. கையில் ஒன்றரை லட்சம் இருக்கு. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாங்க, அவங்ககிட்ட கேட்க மனசு வரலை. போதுமா?

ஃபிங்கர்போஸ்ட்காரன்:
தம்பி, நெக்ஸ்ஜென்னுங்கிற பேர் வர்றதுக்கு முன்னாடி, அதே மாதிரி கீழ்மட்ட டூரில் ஒரு சீசன் ஆடினவன் நான். இப்போ கேரட் மண்டியில் கணக்கு எழுதுறேன். கணக்கிலிருந்தே வர்றேன்.

ஒன்பது டோர்னமென்ட். என்ட்ரி பீஸ், ரயில், ரூம், அந்த ஊர் கேடிக்குக் கூலி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு இருபத்தஞ்சாயிரத்தை ஒட்டி ஆச்சு. நாலு தடவை கட் (கடைசி நாள் ஆட யார் தேறினாங்கன்னு போடுற கோடு) தாண்டினேன், அதுவும் பட்டியலோட அடியில். வரிப் பிடித்தம் போக வந்தது செலவில் பாதிகூட இல்லை. உன் ஒன்றரை லட்சம் ஆறு வாரம் தாங்கும்.

ஆனா என்னைக் கவிழ்த்தது காசு இல்லை. நம்ம மலைதான்.

ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேலே. காத்து லேசு, பந்து பறக்கும். இங்கே என் 7-அயர்ன் மட்டை அடி 165 யார்டு போகும். கீழே அதே அடி 150. முதல் டோர்னமென்ட்ல க்ரீனுக்கு (குழி இருக்கிற புல்தரைக்கு) முன்னாடி இருக்கிற பங்கர்லயே, அதான் மணல் பள்ளத்துலயே, குடித்தனம் நடத்தினேன். தூரம்கூடப் பரவாயில்லை, ரெண்டு வாரத்தில் புது நோட்டுப் போட்டு எழுதிக்கிட்டேன். லேசான காத்துல பந்து வளையறதும் குறைச்சல்னு அப்போ எனக்குத் தெரியாது. ஊட்டியில் ஃபேர்வே (வெட்டின புல் பாதை) ஓரத்துல போய் உட்கார்ற பந்து, கீழே மரத்துக்குள்ள போச்சு. எனக்கு ஸ்லைஸ் (பந்து பக்கவாட்டில் வளைஞ்சு போற குறை) இருக்குங்கிறதே 24 வயசுலதான் தெரிஞ்சது! அதுவரைக்கும் மலை மூடி வெச்சிருந்தது.

அப்புறம் புல். இங்கே கிகுயு புல்லில் வெட்ஜ் (கிட்டத்துல இருந்து அடிக்கிற மட்டை) சிக்கும்னு பயந்து ஓங்கி அடிச்சுப் பழகின கை. கீழே பெர்முடா புல். ஓங்கினா க்ரீனுக்கு அந்தப்பக்கம். பட் அடிக்கும்போது (க்ரீன்ல பந்தைக் குழிக்கு உருட்டும்போது) புல் எந்தப்பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு அந்த ஊர் கேடி சொன்னார். நான் நம்பலை. நானும் கேடிதானேங்கிற திமிர். அந்தக் குழிக்கு மூணு பட் ஆச்சு.

மாசம் ரெண்டு தடவை செட்டிப்பாளையம் இறங்கி கோவை கோல்ஃப் கிளப்பில் ஆட வழி பண்ணு. உச்சிவெயில்ல ஆடு. ஒரு ரவுண்டுக்கு மூணு க்ளவுஸ் நனையும், அதுவும் பழகணும். ப்ரோன்னு கையெழுத்துப் போட்ட பிறகு கிளப் அமெச்சூர் போட்டி எதுவும் கிடையாது, அந்தஸ்தைத் திரும்ப வாங்க விண்ணப்பம் போட்டுக் காத்துக் கிடக்கணும். அவசரப்படாதே.

கொடை_சோலை:
அண்ணன் ரொம்பப் பயமுறுத்துறார். பெங்களூர்ல கேடியா இருந்த முனியப்பா 2009ல இந்தியன் ஓபனே ஜெயிச்சாரே. கொடைக்கானல் கோர்ஸ் 1895லேர்ந்து இருக்கு, காட்டுமாடு க்ரீன்ல நின்னாலும் நாங்க ஆடுறோம். மனசு வெச்சா முடியும் தம்பி.

ஃபிங்கர்போஸ்ட்காரன்:
முனியப்பா பெரிய மனுஷர், மறுக்கலை. ஆனா எந்தக் கேடி ஷெட்டுக்குப் போனாலும் அந்த ஒரு பேரைத்தான் சொல்றாங்க. என் கூட ஆடின பசங்க பேரை யார் சொல்றா? காட்டுமாடு நின்னா காத்திருந்து ஆடலாம். கட் லைன் காத்திருக்காது சார்.

குன்னூர்_பனி:
கட் வராத நாள் எப்படி இருக்கும்ணா?

ஃபிங்கர்போஸ்ட்காரன்:
மூணு நாள் ஆட்டம், ரெண்டாம் நாள் சாயங்காலம் கட். நாம முன்னாடியே முடிச்சிருப்போம். ஸ்கோர் போர்டு பக்கத்துல டீயை வெச்சுக்கிட்டு, பின்னாடி வர்றவன் போகி (குழிக்கு ஒரு அடி கூடுதல்) போடணும்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டு நிப்போம். அசிங்கமாத்தான் இருக்கும். ஒரு தடவை ஒரே ஸ்ட்ரோக்ல போச்சு. அன்னைக்கு ராத்திரியே ரூமைக் காலி பண்ணி, கோல்ஃப் பையை அப்பர் பெர்த்ல படுக்க வெச்சு, அது காலடியில முடங்கிக்கிட்டு கோயமுத்தூர் வந்தேன்.

ஊருக்குத் திரும்ப எப்பவும் ரெண்டு டிக்கெட் போடுவேன். ஒண்ணு ரெண்டாம் நாள் ராத்திரிக்கு, ஒண்ணு மூணாம் நாளுக்கு. ஏதாவது ஒண்ணைக் கேன்சல் பண்ணுவேன். கடைசி மூணு டோர்னமென்ட்டுக்கு முதல் டிக்கெட் மட்டும்தான் போட்டேன். அப்பவே வீட்டுக்காரிக்குப் புரிஞ்சிடுச்சு. எனக்குத்தான் லேட்.

அடுத்த ஞாயிறு காலையில ஊட்டி ஃபிங்கர் போஸ்ட் வா. உன் 7-அயர்னைப் பார்க்கணும்.