மேட் இன் ஜப்பான்: உங்களைப் பிடித்து உட்கார வைத்த இடம் எது?

ஏழே பாட்டு, இரண்டு இசைத்தட்டு, ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பிரிட்டிஷ் ராக் குழு டீப் பர்ப்பிள் மேடையில் நேரடியாக வாசித்துப் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பம் பற்றி நம்மிடையே எத்தனையோ முறை பேச்சு வந்திருக்கிறது. ஆனால் ஒருவர் உருகும் இடத்தை இன்னொருவர் தள்ளிவிட்டுக் கேட்கிறார் என்பதைக் கவனித்தேன். அதனால்தான் இந்தக் கேள்வி. முதல் தடவை கேட்டபோது எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்?

நான் மாட்டியது ‘ஹைவே ஸ்டார்’ தொடக்கத்தில், அதுவும் பாட்டு பாட்டாக உருவெடுக்கும் முன்பே. கூட்டத்தின் இரைச்சல், இயான் பெய்ஸ் ஸ்னேர் ட்ரம்மைத் தட்டும் சத்தம், ஜான் லார்டின் ஆர்கன் உறுமல். பிறகு எல்லாம் சேர்ந்து மெதுவாக ஏறுகிறது. ஸ்டூடியோவில் பதிவான ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்து வடிவம் எனக்கு அத்துப்படி. அதே பாட்டுதான், ஆனால் இங்கே யாரோ கதவைத் திறந்து விட்டதுபோல் இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகா ஃபெஸ்டிவல் ஹால், 17 அன்று டோக்கியோ நிப்பான் புடோகான். மூன்று இரவு, மூன்றும் பதிவு. யோசனை ஜப்பானிய ரெக்கார்ட் நிறுவனத்துடையது. குழுவுக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. எங்கள் ஒலிப்பதிவாளர்தான் வேண்டும், ஒலிநாடா எங்கள் கைக்கு வரவேண்டும், நாங்கள் சரி என்றால்தான் வெளியீடு என்று நிபந்தனை போட்டார்கள். ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச், எட்டு ட்ராக் கருவி. மொத்தச் செலவு 3,000 டாலர் அளவுதான் என்று பேஸ் கிட்டார் வாசித்த குளோவர் முதலானவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். ஜப்பானுக்கு மட்டும் என்று நினைத்த சரக்கு அந்த டிசம்பரிலேயே பிரிட்டனில் வந்தது, அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும். இனி நீங்கள் சொல்லுங்கள்.

* * *

நான் ட்ரம்ஸ் வாசிப்பவன், அதனால் ‘தி மியூல்’ என்று சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். ஆமாம், அதேதான். ஆனால் முதல் முறை பிடிக்கவே இல்லை. கேசட்டில் கேட்டேன், பாட்டின் பெரும்பகுதி ட்ரம்ஸ் மட்டுமே, ஓட்டிவிட்டேன். அப்புறம் ஒரு ஒத்திகையில் எங்கள் கிட்டாரிஸ்ட் தாமதமாக வந்தான். சும்மா இருந்த நேரத்தில் அறையில் இருந்த ஸ்பீக்கரில் முழுதாகப் போட்டுக் கேட்டேன்.

பெய்ஸுக்கு அப்போது 24 வயது. இடது கைக்காரர், ட்ரம்ஸ் முழுக்க வலம் இடம் மாற்றி வைத்திருப்பார். பலம் காட்டி அடிக்கிற ஆள் இல்லை. ஸ்னேரில் அவர் உருட்டும் உருட்டு தடிமனாகத் தொடங்கி, காகிதம் மாதிரி மெலிந்து, மறுபடி பருத்து வரும். தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த காதுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று சட்டெனப் புரியும்: சத்தத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவது. வேகமும் சத்தமும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைய ஒத்திகை முழுக்க வேறு மாதிரி போனது. தாமதமாக வந்த கிட்டாரிஸ்டுக்கு நன்றி.

* * *

மேலே எழுதிய ட்ரம்மர் தம்பிக்கு வணக்கம். நான் இன்னும் ‘தி மியூல்’ ஓட்டிவிடும் கட்சிதான், கோபப்படாதீர்கள்.

என் இடம் ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’. கிட்டாரிஸ்ட் பிளாக்மோர் ஒரு சின்னத் துண்டு வாசிப்பார், பாடகர் இயான் கில்லன் அதைக் குரலில் அப்படியே திருப்பித் தருவார். அடுத்த துண்டு இன்னும் கடினம். அதற்கும் பதில் வரும். ஒரு கட்டத்தில் பிளாக்மோர் வேண்டுமென்றே வம்பு செய்கிறார் என்று தெளிவாகத் தெரியும். கடைசியில் கில்லன் ஒரு நீண்ட கூச்சலைப் பிடித்து விடாமல் நிற்பார். எங்கள் வீட்டில் அந்த இடம் வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து, “யாருடா அது, என்ன ஆச்சு?” என்று ஓடி வந்தார்கள். விளக்கிச் சொன்னேன். “பாவம், தொண்டை என்னத்துக்காகும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா சொன்னது ஒருவகையில் சரிதான். அந்தப் பயணத்துக்குக் கொஞ்சம் முன்புதான் கில்லனுக்கு மூச்சுக்குழாய் அழற்சி வந்திருந்தது. தன் பாட்டு சரியாக அமையவில்லை என்பது அவருடைய எண்ணம், இந்தப் பதிவில் அவருக்குத் திருப்தியே இல்லை. ‘சைல்ட் இன் டைம்’ பாட்டில் படிப்படியாக ஏறி உச்சியில் போய் நிற்கிற குரலைக் கேட்டுவிட்டு இதைப் படிக்கும்போது, உடம்பு நன்றாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ என்று தோன்றும்.

* * *

வேலை காரணமாக ஒசாகாவில் இருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வந்த புதிதில் நான் தேடிப்போன முதல் இடம் கோட்டையும் இல்லை, கோவிலும் இல்லை, நாகானோஷிமாவில் இருக்கும் ஃபெஸ்டிவல் ஹால். ஆற்றின் நடுவே தீவு மாதிரி இருக்கும் பகுதி அது. அவர்கள் வாசித்த கட்டடம் இப்போது இல்லை. 1958இல் திறந்த பழைய அரங்கை 2008 முடிவில் மூடி இடித்துவிட்டார்கள். அதே இடத்தில் எழுந்த கோபுரத்துக்குள் 2013இல் புதிய அரங்கு திறந்தது. இருக்கைகள் பழையபடி 2,700தான். ஒரு மேற்கத்திய செவ்வியல் கச்சேரிக்குச் சீட்டு வாங்கி உள்ளே போனேன். வயலின்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது என் மனசுக்குள் ஓடியது லார்டின் ஆர்கன். பக்கத்து இருக்கை அம்மாளிடம் சொன்னால் சிரித்திருப்பார், மொழி போதவில்லை.

புடோகானும் பார்த்திருக்கிறேன், டோக்கியோ போனபோது. 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ போட்டிக்காகக் கட்டியது. இரண்டையும் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. ஒசாகா அரங்கு இசைக்காகவே கட்டியது. புடோகான் மல்லுக்கட்டுவதற்குக் கட்டியது, அவ்வளவு பெரிய கூடத்தில் ஒலி சிதறும். ஏழு பாட்டில் நான்கு ஆகஸ்ட் 16 ஒசாகா, ஒன்று 15 ஒசாகா. டோக்கியோவிலிருந்து எடுத்தது ‘தி மியூல்’, ‘லேஸி’ இரண்டும் மட்டும்.

15ஆம் தேதியிலிருந்து எடுத்த அந்த ஒரே பாட்டு எது தெரியுமா? ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. தொடக்கத்தில் வரும் அந்த நாலு சுர ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டை, பிளாக்மோர் ஒழுங்காக வாசித்த இரவு அதுதானாம்! மற்ற இரவுகளில் மனம்போனபடி மாற்றிவிட்டார். இன்று கிட்டார் கடைக்குப் போகிற ஒவ்வொரு பையனும் முதலில் வாசிக்கிற ரிஃப் அது. அதை உருவாக்கியவருக்கே அதில் சலிப்பு.

* * *

ஒசாகா அண்ணா, அருமை. புகைப்படம் இருந்தால் போடுங்கள்.

நான் சர்ச்சில் கீபோர்ட் வாசித்து வளர்ந்தவன். ஆர்கன் என்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை, கீர்த்தனை, பாஸ்டர் கையசைத்தால் நிறுத்த வேண்டும். அந்தக் கருவியை ஒருவர் இப்படிப் பேய் பிடித்த மாதிரி வாசிக்கலாம் என்பதே ‘லேஸி’ கேட்கும்வரை தெரியாது. பாட்டு தொடங்கும் முன் லார்ட் தனியாக விளையாடுவார். ஹேமண்ட் ஆர்கனை வழக்கமான ஸ்பீக்கரோடு நிறுத்தாமல் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து அந்தக் கரகரப்பை வரவழைத்தார். கிட்டாரும் ஆர்கனும் சில இடங்களில் எது எதுவென்று தெரியாமல் போவது அதனால்தான்.

ஆனால் நான் உண்மையில் விழுந்தது ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’. ஸ்டூடியோவில் நாலரை நிமிடம், இங்கே கிட்டத்தட்ட இருபது. நாலாவது பக்கம் முழுக்க அது ஒன்றே. நடுவில் செவ்வியல் இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் ‘ஜூபிடர்’ எட்டிப் பார்க்கும். லார்ட் முறையாகச் செவ்வியல் பியானோ பயின்றவர், 1969இலேயே குழுவையும் முழு ஆர்கெஸ்ட்ராவையும் ஒரே மேடையில் ஏற்றி கான்செர்ட்டோ எழுதியவர். எனவே இதெல்லாம் அவருக்கு விளையாட்டு. 2012 ஜூலையில் அவர் இறந்த செய்தி வந்தது. அந்த வாரம் ஆராதனைக்கு முன்னால், யாரும் வருவதற்குள், ‘லேஸி’யின் முதல் வரியைச் சர்ச் ஆர்கனில் மெதுவாக வாசித்துப் பார்த்தேன். கோயிற்பிள்ளை கேட்டுவிட்டார். “புதுப் பாட்டா தம்பி?” என்றார். ஆமாம் என்றேன்.

* * *

நான் சொல்வது யாருக்கும் பிடிக்காமல் போகலாம். இருபது நிமிட ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ எனக்கு நீளம். பன்னிரண்டாவது நிமிடத்துக்கு மேல் ரிங் மாடுலேட்டர் (ஒலியைத் திரித்துக் காட்டும் கருவி) சத்தங்கள், பிளாக்மோரின் இழுப்பு, இதெல்லாம் அரங்கில் நேரில் இருந்தவர்களுக்கான விஷயம். வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு இல்லை.

எனக்குப் பிடித்த இடம் பாட்டே இல்லை. இரண்டு பாட்டுக்கு நடுவில் மானிட்டர் (வாசிப்பவர்களுக்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) சத்தம் பற்றிப் பேச்சு வரும். அப்போது கில்லன், மற்ற எல்லாவற்றையும்விட எல்லாவற்றையும் சத்தமாக வைக்க முடியுமா என்று கேட்பார். கணக்குப்படி நடக்காத காரியம். இந்தக் குழு எப்படி வாசித்தது என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை எந்த விமர்சகரும் எழுதவில்லை.

* * *

கேள்வி கேட்டவன் என்ற முறையில் கடைசியாகக் கொஞ்சம். தனிச்செய்தியில் இருவர், எந்தப் பதிப்பு வாங்கலாம் என்று கேட்டிருந்தார்கள். முதல் முறை என்றால் பழைய ஏழு பாட்டு வரிசையிலேயே கேளுங்கள். அந்தத் தேர்வுக்கும் ஒலிக்கலவைக்கும் (மிக்ஸிங்) பின்னால் இருப்பவர்கள் குளோவரும் பெய்ஸும். கலவை வேலைக்கு வந்ததே அவர்கள் இருவர்தான், மற்ற மூவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதைக் கேட்டு இசை பிடித்துவிட்டால் 1993இல் வந்த மூன்று சிடி தொகுப்புக்குப் போகலாம். மூன்று இரவுகளின் பெரும்பகுதி அதில் உண்டு. ஒசாகா அண்ணா சொன்ன ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ வேறுபாட்டை நீங்களே இரவுக்கு இரவு ஒப்பிடலாம். ‘பிளாக் நைட்’ போன்ற கடைசிப் பாட்டுகள் வேண்டுமென்றால் 1998 பதிப்பில் கூடுதல் வட்டில் இருக்கின்றன.

நீளம் என்று சொன்ன நண்பருக்கு: அடுத்த முறை ஹெட்ஃபோனில் போட்டு, ஆர்கன் ஒரு காதிலும் கிட்டார் இன்னொரு காதிலும் தனித்தனியாக வருவதைக் கவனியுங்கள். ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் உடனே பிடித்துக்கொள்கிறார், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார்கள். இப்படி ஒன்றாய் இருந்த ஐந்து பேர் அடுத்த வருடமே பிரிந்துவிட்டார்கள். கில்லனும் குளோவரும் இருந்த அந்த அணி, 1984இல் மறுபடி சேரும்வரை, கடைசியாக வாசித்த கச்சேரி 1973 ஜூன் 29 அன்று நடந்தது, அதுவும் ஒசாகாவில்தான். பெய்ஸுக்கு அன்று பிறந்தநாள் வேறு.

ட்ரம்மர் தம்பி, அந்தக் கிட்டாரிஸ்ட் இப்போதாவது நேரத்துக்கு வருகிறாரா?