ஆக்சிஜன் கருவிச் சத்தத்தில் பாட்டியின் குரல் போகிறது, உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்கில், நுரையீரல் நோயுள்ள பாட்டியைப் பற்றி அவர் மகள் எடுக்கும் 12 நிமிட ஆவணப்படம் இது. காட்சிப் பதிவு சரி: இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி, குழல்விளக்கு மினுக்கவில்லை.

சிக்கல் ஒலியில்தான். அறைக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டுப் பாட்டிக்கு ஆக்சிஜன் தரும் கருவி அது, நிறுத்தவே கூடாது. கம்ப்ரசர் உறுமல், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டினால் ஓரளவு அடங்குகிறது. ஆனால் சில நொடிக்கொருமுறை வால்வு மாறி நைட்ரஜனை வெளியேற்றும் 'புஸ்' சத்தம், பாட்டி சொல்லை முடிக்கும் இடத்திலேயே விழுகிறது. இரைச்சல் நீக்கியைக் கூட்டினால் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிறது, மூச்சிரைப்பும் அழிந்துவிடும். அது அழியக் கூடாது, படமே அதுதான். காலர் மைக்கை மூக்குக்குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்தியும் காற்றோசை கேட்கிறது.

நீளக் குழாய் போட்டுக் கருவியை ஹாலுக்கு மாற்றியவர் உண்டா? எத்தனை மீட்டர் வரை தாதி சம்மதித்தார்? ஜார்ஜ்டவுன் பக்கம் பூம் மைக் (நீளக் கோலில் மாட்டிப் பிடிக்கும் மைக்) இரவல் கிடைக்குமா? காலையில் மட்டுமே பாட்டி தெம்பாகப் பேசுகிறார்.